கணக்குக் கேட்கும் அன்பு: வன்னியில் பகைவர் நேசம்

1984 நவம்பர் 30ஆம் நாள், மணலாற்றுப் பகுதியில் கென்ட் பண்ணை, டொலர் பண்ணை என்ற இரு குடியிருப்புகளுக்குள் விடுதலைப் புலிகள் புகுந்தார்கள். அங்கே குடியமர்த்தப்பட்டிருந்த சிங்களக் கைதிகளும் அவர்களுடைய குடும்பத்தினருமாக 60க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கு முன் அந்தப் பண்ணைகளில் இருந்தவர்கள், 1977 கலவரத்தில் அடிபட்டு வந்த மலையகத் தமிழர்கள். அவர்களை அரச படைகள் 1984இலேயே அங்கிருந்து துரத்தியிருந்தன. இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 2ஆம் நாள், செட்டிகுளத்தில் படையினர் ஆண்களைப் பிடித்துச் சென்றார்கள். 52 பேர் கொல்லப்பட்டதாக மனித உரிமைப் பதிவுகள் சொல்கின்றன. டிசம்பர் 4ஆம் நாள் மன்னாரில் கண்ணிவெடியில் ஒரு சிப்பாய் இறந்ததை அடுத்து, வீதியிலும் வயலிலும் அகப்பட்ட நூறு பேரளவானோர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

ஐந்து நாளில் மூன்று இடம். கென்ட் பண்ணையில் செத்தவர்கள் மலையகத் தமிழரைத் துரத்தியவர்கள் அல்லர். செட்டிகுளத்தில் பிடிபட்டவர்களில் எவரும் கென்ட் பண்ணைக்குப் போனதாக யாரும் நிறுவியதில்லை. மன்னார் வீதியால் போய்க்கொண்டிருந்த கிழவனுக்குக் கண்ணிவெடி புதைத்தவன் யாரென்றே தெரியாது. பழி வாங்கப் புறப்பட்டவர்கள் கண்ணில் பட்டவரைப் பகைவராக்கிக் கொண்டார்கள். அதே டிசம்பரில் மெதடிஸ்த திருச்சபைக் குருவான ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் முருங்கன் பகுதியில் கொல்லப்பட்டார். 1985 ஜனவரி 6ஆம் நாள், மூவிராசாக்கள் திருநாளன்று, வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்தியன் தம் கோயில் வளவிலேயே சுடப்பட்டார். அவருடைய உடல் கிடைக்கவில்லை. அவர் இந்தியாவுக்குத் தப்பிப் போய்விட்டார் என்று அரச தரப்பில் ஒரு கதை சொல்லப்பட்டது.

பகைவரை நேசிக்கச் சொல்லும் கிறிஸ்தவப் போதனையை இப்படியொரு மண்ணில் வைத்துத்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது. வன்னியில் அது இரண்டு விதமாகப் பேசப்பட்டு வந்திருக்கிறது. மேடையில் ஏறி நின்று பேசுவது ஒரு விதம்: நடந்தது நடந்துவிட்டது, மறப்போம், மன்னிப்போம், முன்னே போவோம். காயம் பட்டவர்களோடு கூடவே இருந்து, அவர்களுடைய பெயர்களையும் எண்ணிக்கையையும் எழுதி வைத்து, அடித்தவனிடமே போய்ப் பதில் கேட்டு, அப்போதும் அவனை வெறுக்க மறுப்பது இன்னொரு விதம். முதலாவதை அன்பு என்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை. இரண்டாவதுதான் நற்செய்தி சொல்லும் அன்பு என்பதற்கு வன்னியின் திருச்சபை வரலாற்றிலேயே போதிய சான்று உண்டு. அவற்றில் சிலவற்றை எடுத்துவைப்பதே இக்கட்டுரையின் வேலை.

நற்செய்தியில் இருந்து தொடங்கலாம். மத்தேயுவின் மலைப்பொழிவும் லூக்காவின் சமவெளிப் பொழிவும் பகைவருக்குச் செய்யச் சொல்பவை எல்லாம் செயல்கள்: நன்மை செய்வது, ஆசி கூறுவது, மன்றாடுவது, கேட்பவனுக்குக் கொடுப்பது. பகைவனைப் பிடித்துப்போக வேண்டும் என்றோ, அவன் செய்தது சரி என்று நினைக்க வேண்டும் என்றோ எங்கும் இல்லை. அந்தச் சொற்களைக் கேட்ட மக்கள் உரோமைப் படையின் ஆட்சிக்குக் கீழ் இருந்தவர்கள். ஒரு சிப்பாய் வழியில் போகிறவனை மறித்துத் தன் சுமையை ஒரு கல் தூரம் தூக்கிவரச் சொல்லலாம். அது அவனுக்கு இருந்த அதிகாரம். இன்னொரு கல் தூரமும் போ என்று இயேசு சொன்னது அந்தச் சுமையைத் தூக்கித் தோள் காய்த்த மனிதர்களிடம். சோதனைச்சாவடியில் சைக்கிளை விட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி உருட்டிக்கொண்டு நடந்த எவருக்கும் அந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை.

மறுகன்னத்தைக் காட்டச் சொன்னவர் தம் கன்னத்தில் அறை விழுந்தபோது என்ன செய்தார் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். தலைமைக் குருவின் முன் விசாரணை நடக்கிறது; காவலன் ஒருவன் அறைகிறான். இயேசு வாய் பொத்தி நிற்கவில்லை. நான் தவறாகப் பேசியிருந்தால் அதை எடுத்துக் காட்டு, சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடித்தாய் என்று அவனிடமே கேட்கிறார். யோவான் நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் இது இருக்கிறது. கை ஓங்கவில்லை, சபிக்கவும் இல்லை. ஆனால் அடித்தவன் பதில் சொல்ல வேண்டியவன் என்பதை அந்த மண்டபத்தில் எல்லோர் காதிலும் விழச் சொன்னார். சக்கேயுவின் கதையும் இதே போக்குத்தான். வரி தண்டி ஊரைச் சுரண்டியவன் வீட்டுக்கு இயேசு விருந்துக்குப் போனார். எந்த நிபந்தனையும் போடவில்லை. ஆனால் அதே விருந்தில்தான் சக்கேயு எழுந்து, பறித்ததை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். அன்பு முந்திப் போனது. கணக்குப் பின்னாலேயே வந்தது. அந்தக் கணக்கு வராமல் போயிருந்தால் அந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்று சொல்லப்பட்டிருக்குமா?

தமிழில் இதைப் படிக்கிறவருக்கு வள்ளுவரின் இன்னாசெய்யாமை அதிகாரம் நினைவுக்கு வராமல் இராது. தீங்கு செய்தவர் தாமே நாணும்படி அவருக்கு நன்மை செய்துவிட வேண்டும் என்கிறார்; அவர் செய்த தீமையையும் நாம் செய்த நன்மையையும் ஒருசேர மறந்துவிட வேண்டும் என்றும் அந்தக் குறளுக்கு உரை கண்டிருக்கிறார்கள். தனி மனிதர் இருவருக்கு இடையில் இதைவிட உயர்ந்த நெறி வேறில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் தாயிடம் போய் மறந்துவிடு என்று சொல்ல மட்டும் அந்தக் குறளைப் பயன்படுத்த முடியாது. தீங்கு நடந்து முடிந்தால்தான் மறக்கலாம். அவளுக்கு அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

செட்டிகுளத்திலிருந்து தலைமன்னார்ப் பாதையில் ரயில் ஏறினால் அடுத்த நிலையம் மடு வீதி. அங்கிருந்து காட்டுக்குள் போனால் மருதமடு. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்த பிறகு கத்தோலிக்கர் வேட்டையாடப்பட்டனர். மாந்தையில் இருந்த மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு சில குடும்பங்கள் 1670ஆம் ஆண்டளவில் வன்னிக் காட்டுக்குள் நுழைந்தன. ஓடி வந்தவர்களின் ஒளிவிடமாகவே மடு பிறந்தது. அதற்குப் பின் அந்தக் கோயில் அந்தக் குணத்தை விட்டதே இல்லை. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே தறப்பாளும் ஓலையும் போட்டுத் தங்கின. ஆயுதம் தாங்கியவர் நுழையாத இடமாக அதை வைத்திருக்கக் குருமார் இரு தரப்போடும் மன்றாடி வந்தார்கள். 1999 நவம்பர் 20ஆம் நாள் கோயில் வளவுக்குள்ளேயே எறிகணைகள் விழுந்தன. கோயிலுக்குள் அடைக்கலம் இருந்தவர்களில் 40 பேரளவில் இறந்தார்கள், சிறுபிள்ளைகளும் அதில் அடக்கம். இரு தரப்பும் ஒன்றையொன்று குற்றம் சொன்னன. 2008 ஏப்ரலில் போர்முனை கோயிலை நெருங்கியபோது குருமார் சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். மாந்தையிலிருந்து வந்த மாதா, 338 ஆண்டுக்குப் பிறகு மீண்டும் இடம்பெயர்ந்தாள்.

இந்த மடுவுக்கு ஓகஸ்ட் 15ஆம் நாள் திருவிழாவுக்கு வருகிறவர்களில் பெருந்தொகையினர் சிங்களவர். சிலாபத்திலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து மரங்களுக்குக் கீழே கூடாரம் அடிக்கிறார்கள். பக்கத்துக் கூடாரத்தில் மன்னாரிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ வந்த தமிழ்க் குடும்பம். ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள். உப்பு, தேங்காய், விறகு கைமாறுகின்றன. பூசை இரு மொழியிலும் நடக்கிறது. பௌத்தரும் இந்துக்களும் நேர்த்திக்கடனோடு வருகிறார்கள். இதைக் காட்டி, பார்த்தீர்களா நல்லிணக்கம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கூட்டத்தைப் பார்க்கும்போது நம்பிக்கையும் வருகிறது, மனக்குறையும் வருகிறது. ஒரே நற்கருணையை உண்டவர்கள் அவர்கள். 2009இல் மடுவுக்கு அயலில் செட்டிகுளத்தில் போர்முனையிலிருந்து வந்த இரண்டு இலட்சம் பேர் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டிருந்தபோது, தெற்கின் பங்குகளில் எத்தனை பீடங்களிலிருந்து அது பேசப்பட்டது?

அந்த முகாமைப் பற்றிச் சொல்லாமல் செட்டிகுளத்தைப் பற்றிப் பேச முடியாது. அருவியாற்றை ஒட்டிய காட்டைத் தள்ளி உருவாக்கிய மெனிக் பாம், 2009 மே மாத அளவில் இலங்கையின் பெரிய நகரங்களில் ஒன்றின் சனத்தொகையைக் கொண்டிருந்தது. அதன் வலயங்களுக்கு ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம், கதிர்காமர் என்று தமிழ்ப் பெரியார்களின் பெயர் சூட்டினார்கள். நலன்புரிக் கிராமம் என்பது உத்தியோகபூர்வப் பெயர். உள்ளே இருந்தவர்கள் வெளியே போக முடியாது. அந்த ஓகஸ்டில் பெய்த மழையில் கூடாரங்களுக்குள் வெள்ளமும் மலகூடக் கழிவும் சேர்ந்து புகுந்தன. டிசம்பர் 1ஆம் நாளில்தான் அனுமதியோடு வெளியே போய்வர விட்டார்கள். போர் முடிந்த முள்ளிவாய்க்கால் வரை மக்களோடு போன குருமாரும் கன்னியரும் பலர் அதே முகாமுக்குள் அதே வரிசையில் சாப்பாட்டுத் தட்டோடு நின்றார்கள். அவர்களுடைய பிரசங்கம் அந்த நிற்றல்தான்.

முகாமுக்குள் பகைவர் யார் என்பது வெளியில் இருந்து பார்ப்பது போல் தெளிவாக இருக்கவில்லை. வேலிக்கு வெளியே காவல் நின்ற சிப்பாய் ஒரு பகை. தன் பிள்ளையைப் போருக்கு இழுத்துப்போன இயக்கம் இன்னொரு பகை. 2009 மார்ச்சில் வலைஞர்மடம் தேவாலயத்துக்குள் அடைக்கலம் புகுந்திருந்த இளையோரையே புலிகள் இழுத்துச் சென்றார்கள், கோயில் என்றும் பார்க்கவில்லை. இவை இரண்டையும்விடக் கிட்டத்தில், அடுத்த கூடாரத்திலேயே ஒரு பகை இருந்தது. இயக்கத்தில் ஒரு நாள் இருந்திருந்தாலும் வந்து பதியுங்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டே இருந்தார்கள். பதியாதவர்களை அடையாளம் காட்டத் தலையாட்டிகள் இருந்தார்கள். ஊரில் கூடப் படித்தவன், வேலிக்காரன், சில வேளை சொந்தக்காரன். அடியும் பயமும் பசியும் தாங்காமல் தலையாட்டியவனும் உண்டு, பழைய கோபத்தைத் தீர்த்துக்கொண்டவனும் உண்டு. முகாம் கலைந்த பிறகு இவர்கள் எல்லோரும் ஒரே ஊருக்குத் திரும்பினார்கள். ஒரே குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறார்கள், ஒரே கோயிலில் முழங்கால் படியிடுகிறார்கள். சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரத்தில் யார் யாருக்குக் கைகொடுக்காமல் முகத்தைத் திருப்புகிறார்கள் என்பதை ஒரு பங்குத்தந்தை பீடத்திலிருந்தே பார்த்துவிடுவார். கொழும்பில் இருக்கும் சனாதிபதியை மன்னிப்பது இவர்களில் பலருக்கு எளிது. இரண்டு வீடு தள்ளி இருக்கிறவனோடு பேசத்தான் முடியவில்லை. பகைவர் நேசம் பற்றிய போதனை வன்னியில் உண்மையில் சோதிக்கப்படும் இடம் அந்த இரண்டு வீட்டு இடைவெளிதான் என்பது என் எண்ணம்.

எதிர்த் திசையிலிருந்து வந்த அன்பையும் சொல்ல வேண்டும். போர்முனையிலிருந்து வந்த காயக்காரர்களால் வவுனியா, செட்டிகுளம் வைத்தியசாலைகள் நிரம்பி வழிந்தபோது, தெற்கிலிருந்து வந்த சிங்கள வைத்தியர்களும் தாதியரும் அங்கே வேலை செய்தார்கள். தொலைக்காட்சியில் வெற்றிக் கொண்டாட்டம் ஓடிக்கொண்டிருந்த நாட்களில், தமக்கு மொழி தெரியாத நோயாளியின் புண்ணைக் கழுவிக் கட்டியவர்கள் அவர்கள். அது கடமை மட்டும்தான் என்று சொல்லிவிட்டுப் போகலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

இந்த மண்ணில் அதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. கோவாவிலிருந்து 1687இல் பிச்சைக்காரன் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த யோசப் வாஸ் அடிகளார், 1692இல் கண்டிக்குப் போனதும் போர்த்துக்கேய உளவாளி என்று சிறை வைக்கப்பட்டார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. அரசன் நகரை விட்டு அகன்றான், நோயாளிகளை உறவினரே காட்டில் விட்டுப் போனார்கள். தம்மைச் சிறையிட்ட நகரில் தங்கி அந்த நோயாளிகளைத் தூக்கி வந்து குடிசை போட்டு, குளிப்பாட்டி, செத்தவர்களைப் புதைத்தவர்கள் வாஸ் அடிகளாரும் அவருடைய மருமகன் முறையான கர்வாலோ அடிகளாரும்தான். 2015 ஜனவரி 14ஆம் நாள் காலை காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்த திருத்தந்தை பிரான்சிஸ், அன்று பிற்பகலே மடுவுக்கு வந்தார். சிலுவையடியில் தம் மகனைக் கொன்றவர்களை மன்னித்து, பிறகு அவருடைய உயிரற்ற உடலைக் கையில் ஏந்திய தாயைப் பற்றி அங்கே பேசினார். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். மரியாவுக்கு மகனின் உடலாவது கிடைத்தது. மடியில் கிடத்தி அழ முடிந்தது. தங்களுக்கு அதுவும் இல்லை என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இனிப் பட்டியல்களைப் பற்றி. 2009 மே 18ஆம் நாள் வட்டுவாகலில் போராளிகள் படையினரிடம் சரணடைந்தபோது, யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபரான அருட்தந்தை பிரான்சிஸ் யோசப் அவர்களோடு நின்றார். சரணடைகிறவர்களின் பெயர்களை அவர் ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்ததைக் கண்ட மனைவிமார் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். பிறகு அவர்களோடு பேருந்தில் ஏறினார். அவரையும் அந்தப் பேருந்துகளில் போனவர்களையும் பிறகு யாரும் காணவில்லை. ஏன் எழுதினார்? ஆயுதத்தைக் கீழே வைத்த மனிதர்களை ஆயுதம் வைத்திருந்த மனிதர்களிடம் அவர் ஒப்படைத்தார். ஒப்படைத்தவர்களைத் திருப்பிக் கேட்க வேண்டுமானால் பெயர் வேண்டும். வாங்கிக்கொண்டவர்கள் நேர்மையாக நடப்பார்கள் என்று அவர்கள்மேல் வைத்த ஒரு நம்பிக்கையும் அதில் இருந்தது. பகைவன் பதில் சொல்லத் தகுந்த மனிதன் என்று எண்ணினால்தான் அவனுக்கு முன்னால் உட்கார்ந்து பெயர்ப் பட்டியல் எழுத முடியும்.

அந்த வேலையை எண்ணிக்கையில் தொடர்ந்தவர் மன்னார் ஆயர் இராயப்பு யோசப். மன்னார் மறைமாவட்டம் மன்னார், வவுனியா இரு மாவட்டங்களையும் கொண்டது. ஆகவே செட்டிகுளமும் மெனிக் பாமும் அவருடைய மேய்ப்புப் பணிக்குள் அடங்கின. 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு மன்னாருக்கு வந்தபோது, தம் குருமார் இருவரோடு போய் அவர் எழுத்தில் கொடுத்த சாட்சியத்தில் ஒரு கழித்தல் கணக்கு இருந்தது. 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள், கச்சேரிகளின் கணக்குப்படி 4,29,059 பேர். 2009 யூலை 10 வரையில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,82,380 பேர். மீதி 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்பதைத் தெளிவுபடுத்துங்கள் என்று கேட்டார்.

இத்தனை பேரையும் கொன்றுவிட்டீர்கள் என்று அவர் சொல்லவில்லை. இரண்டு எண்களும் அரச ஆவணங்களிலிருந்தும் ஐ.நா. அறிக்கையிலிருந்தும் எடுத்தவை; தம் சொந்த எண் ஒன்றைக்கூட அவர் சேர்க்கவில்லை. அரசின் கையில் இருந்த கணக்கை அரசிடமே நீட்டி, இதற்கு விடை சொல்லுங்கள் என்றார். தலைமைக் குருவின் மண்டபத்தில் அறை வாங்கியவர் கேட்ட கேள்வியின் தொனி இதிலும் இருக்கிறது. இதற்காக அவரைப் புலி என்றார்கள்; பொலிசார் வந்து விசாரித்தார்கள்; கைது செய்ய வேண்டும் என்று தெற்கில் குரல் எழுந்தது. அந்தக் கணக்குக்கு விடை வராமலேயே 2021 ஏப்ரல் 1ஆம் நாள், பெரிய வியாழனன்று, அவர் காலமானார்.

தென்னாபிரிக்காவில் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமை தாங்கிய உண்மை ஆணைக்குழுவை இங்கே ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். அங்கே பொதுமன்னிப்புக் கேட்டு 7,000க்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். செய்ததை முழுமையாக வெளியே சொல்வது அதற்கு நிபந்தனை. 849 பேருக்கு மட்டுமே மன்னிப்புக் கிடைத்தது. அந்த ஏற்பாட்டிலும் குறைகள் இருந்தன, கொலையாளி நிறைய விலை கொடுக்காமல் போனான் என்ற மனக்கசப்பு இன்றும் இருக்கிறது. என்றாலும், செய்தவன் வாய் திறந்தான். நம் ஆணைக்குழுக்களுக்கு முன் வந்து அழுதவர்கள் இழந்தவர்கள் மட்டுமே. ஜேர்மனியில் நாசி ஆட்சியை எதிர்த்துத் தூக்கில் ஏற்றப்பட்ட போதகர் போன்ஹோபர், மனந்திரும்புதல் இல்லாத மன்னிப்பைப் போதிப்பதை மலிவான கிருபை என்று 1937இல் எழுதினார். அந்த எச்சரிக்கை எங்களுக்காக எழுதியது போல் இருக்கிறது.

தெற்கிலும் இதைப் புரிந்துகொண்ட ஒருவர் இருந்தார். குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க, 1983 யூலை வன்செயலுக்குப் பிறகு யாழ்ப்பாணம் வந்து பாதிக்கப்பட்டவர்களைப் பார்த்தார். அந்த செப்டெம்பரில் தம் மறைமாவட்டத்துக்கு அவர் ஆற்றிய கடைசி உரையில், சிங்களவர் என்ற வகையில் தம் மக்கள் செய்ததற்கு வெட்கப்பட வேண்டும், அதை எந்த அறநெறியாலும் நியாயப்படுத்த முடியாது என்று சொன்னார். தமிழர் மன்னிக்க வேண்டும் என்று அவர் தொடங்கவில்லை. முதலில் தம் பக்கத்தின் குற்றத்தைப் பெயர் சொல்லி ஏற்றார். அடுத்த மாதமே, ஒக்டோபர் 23ஆம் நாள் இறந்துபோனார். அவருக்கு 56 வயது. 2009இல் அப்படி ஒரு குரல் தெற்கின் திருச்சபைத் தலைமையிலிருந்து என் காதில் விழவில்லை என்பது என் மனத்தில் ஆறாத குறை.

பத்து ஆண்டு கழித்து அந்தத் தலைமையே காயப்பட்டது. 2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நாட்களில் கர்தினால் மல்கம் ரஞ்சித் அமைதி காக்கும்படி தம் மக்களை மன்றாடியது உயிர்களைக் காத்தது. முஸ்லிம்களுக்கு எதிரான வன்செயல் அந்த மே மாதத்தில் பல ஊர்களில் மூண்டதை நினைத்தால், அவர் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தோன்றும். அடுத்த ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவில், தாக்கியவர்களைத் தாங்கள் வெறுக்கவில்லை, மன்னித்துவிட்டோம் என்று அறிவித்தார். அதோடு அவர் வீட்டுக்குப் போய்விடவில்லை. தாக்குதலுக்குப் பின்னால் இருந்தவர் யார், எச்சரிக்கை வந்தும் தடுக்காதவர் யார் என்று ஆண்டுக்கணக்காகக் கேட்டு வருகிறார். ஐ.நா. வரை போனார், கறுப்பு ஞாயிறு அனுசரித்தார். பாதிக்கப்பட்டவர்களின் வழக்கில் 2023 ஜனவரி 12ஆம் நாள் உயர் நீதிமன்றம் முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்டும்படி உத்தரவிட்டது. மன்னித்தவர் ஏன் இன்னும் கேள்வி கேட்கிறார் என்று எந்த நேர்மையான கிறிஸ்தவரும் அவரைக் கேட்கவில்லை. மன்னிப்பும் கேள்வியும் ஒன்றாகவே போகும் என்பது கட்டுவாப்பிட்டியில் எல்லோருக்கும் புரிந்தது. அதே அளவுகோலை வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பிடிப்பதில் மட்டும் ஏன் கை நடுங்குகிறது?

2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசாமி கோயில் முன்றலிலும் வவுனியாவிலும் தாய்மார் தொடங்கிய போராட்டம் ஆண்டுகளைக் கடந்து தொடர்ந்தது. அவர்களில் பலர் விடை தெரியாமலே இறந்துபோனார்கள். இழப்பீடும் மரணச் சான்றிதழும் தருகிறோம் என்று வந்தவர்களிடம், பிள்ளை எங்கே என்று மட்டும் சொல்லுங்கள் என்றார்கள். இந்துக்களும் கத்தோலிக்கரும் கலந்த கூட்டம் அது. அவர்கள் யாரையும் சாகடிக்கக் கேட்கவில்லை. உண்மையைக் கேட்கிறார்கள். பகைவர் நேசத்துக்கு இலக்கணம் தேடும் இறையியல் மாணவர் அந்தக் கொட்டிலில் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு வந்தால் நல்லது.

எங்கள் பக்கத்துக் கணக்கும் மீதமிருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் 75,000 பேரளவில் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மன்னாரின் கடற்கரையிலிருந்து புத்தளத்து அகதிக் கொட்டில்களுக்குப் போனவர்கள் எங்கள் அயலவர். அவர்கள் திரும்பி வந்தபோது காணிக்கும் மீன்பிடித் துறைக்கும் தமிழ்க் கிறிஸ்தவர்களே அவர்களோடு மல்லுக்கு நின்றார்கள். 2012இல் மன்னார் உப்புக்குளத்தில் அது வெளிப்படையாகவே வெடித்தது. செட்டிகுளம் பிரதேசத்தில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. எங்களுக்கு நடந்ததைச் சொல்லும் அதே மூச்சில், எங்கள் பெயரால் அவர்களுக்கு நடந்ததையும் சொல்லாவிட்டால், நாங்கள் கேட்கும் கணக்கில் நேர்மை இல்லை. லக்ஷ்மன் விக்கிரமசிங்க தம் மக்களிடம் பேசியது போல், தமிழில் இன்னும் போதிய பேர் பேசவில்லை.

இந்தக் கணக்குகள் தீராமலே மெனிக் பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. கடைசியாக வெளியேறிய கேப்பாப்புலவு மக்களின் சொந்த நிலத்தில் இராணுவ முகாம் இருந்ததால், அவர்களைச் சீனியாமோட்டைக் காட்டில் இறக்கிவிட்டார்கள்.

தெற்கிலிருந்து ஓகஸ்ட் திருவிழாவுக்கு மடு போகும் சகோதரர்களுக்கு ஒரு விண்ணப்பம். நீங்கள் ஏறி வரும் ரயில் மடு வீதிக்கு முதல் செட்டிகுளத்தில் நிற்கும். அடுத்த முறை அங்கே இறங்குங்கள். மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு, முகாமில் இருந்த ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். கேட்டதை உங்கள் பங்குக்குக் கொண்டுபோய், கட்டுவாப்பிட்டிக்காக நீங்கள் எழுப்பிய அதே கேள்வியை இவர்களுக்காகவும் உங்கள் ஆயரிடம் எழுப்புங்கள். இங்கே உள்ள எங்கள் பங்குகளும் புத்தளத்திலிருந்து திரும்பிய முஸ்லிம் அயலவரிடம் போய் அதையே செய்யட்டும்.